நான்காம் பூச்சு

கடல் உப்பு சுவருக்குள் ஏறும் ஊர் ஒன்றில், வீடுகளின் உட்சுவர்களுக்கு அழகு செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்து மூன்று. அவளுடைய மாணவி அபயாம்பாளுக்கு வயது ஐம்பத்தொன்பது.

ஞானம் தாடியில்தான் முளைக்கும் என்று நம்புகிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

அபயாம்பாள் கல்லூரியில் முப்பத்தோராண்டு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சுண்ணாம்பு காற்றை உறிஞ்சி மறுபடியும் கல்லாக இறுகுவதைக் கரும்பலகையில் மூன்று வரிகளில் எழுதிக் காட்டுவாள். ஆனால் எந்தச் சுவரிலும் கை வைத்ததில்லை. ஜெசிந்தா எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குச் சமன்பாடு எதுவும் தெரியாது. அவள் பூசிய சுவரைக் கடந்து போகிறவர்கள், காரணம் தெரியாமல் ஒரு விரலால் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் அபயாம்பாள் கேட்டாள்.

"மேஸ்திரி, ஒரு சுவரு வேலை முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு கந்தல் துணியையும் கொடுத்தாள்.

"கழுவுங்கக்கா."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"கழுவிட்டுக் கேளுங்க."

அபயாம்பாள் ஒரு மாதம் கழுவினாள். அடுக்களைப் புகை, கொசுவின் இரத்தம், சுவிட்சைச் சுற்றிய விரல் அழுக்கு, குழந்தை கிறுக்கிய ரயில், ஊதுபத்திக் கரி. ஊரின் வீடுகளெல்லாம் தங்கள் குற்றங்களை அவளிடம் ஒப்புக்கொண்டன.

"முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். என்னைப் போயி சுவரு கழுவ விட்டிருக்கீங்களே."

"உங்க காலேஜுப் பிள்ளைங்க புரியாமலே தலையாட்டியிருக்கும். சுவரு ஆட்டாது. அழுக்கு இருந்தா இருக்குன்னு காட்டிரும்."

வயதில் இளையவளை 'நீங்க' என்று சொல்ல அபயாம்பாளுக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது. ஜெசிந்தா அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். மேலே வந்தபோது மரியாதை தானாக வந்திருந்தது.

எதற்காக இந்த வயதில் இந்த வேலை என்று ஊர் கேட்டது. பொழுதுபோக்கு என்றாள் அபயாம்பாள். பொய்.

அவள் வீட்டுக் கூடத்தின் உள்மூலையில், தரையில் உட்கார்ந்தவரின் தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. தலை சாய்ந்து சாய்ந்து ஏறிய கறை. நம் ஊர்களில் இப்படி ஒரு கறை இல்லாத வீடு என்றால், அது யாரும் உட்காராத வீடு. அபயாம்பாள் இரண்டு முறை பெயின்டரை அழைத்தாள். இரண்டு முறையும் கறை மறைந்தது. இரண்டு முறையும் சில மாதங்களில் அதே இடத்தில், அதே அளவில், திரும்பி வந்தது. மூன்றாவது ஆளிடம் போய் நிற்பதைவிடத் தானே கற்றுக்கொள்வது மேல் என்று எண்ணினாள். பிறரிடம் ஒன்றைக் கேட்டு நிற்பது அவளுக்கு எப்போதுமே ஆகாது.

அந்த வீட்டில் அவள் மட்டுமே இருந்தாள். கணவர் தியாகேசன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் நீலாயதாட்சி ஒன்பது ஆண்டுகளாக அந்த வாசலுக்கு வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீலா, தான் மணக்க விரும்பியவனைப் பற்றித் தாயிடம் சொன்னாள். அபயாம்பாள் அவனுடைய படிப்பைக் கேட்கவில்லை. வேலையைக் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டாள். தெருவை எதற்குக் கேட்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதில் வந்ததும், "இந்தப் படியை மிதிக்காதே" என்றாள். மகள் மிதிக்கவில்லை. தியாகேசன் இறந்தபோது மகளுக்குத் தகவல் மறுநாள்தான் போனது. அதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள். முதல் நாளே தகவல் அனுப்பாதவள் அபயாம்பாள்.

இதில் எதையும் அவள் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் ஒரு கறை இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கழுவும் மாதம் முடிந்ததும் தேய்க்கும் மாதங்கள் வந்தன. பட்டி பூசினாள், உப்புத்தாளால் தேய்த்தாள். மறுபடி பூசினாள், மறுபடி தேய்த்தாள். தூசியில் அவள் தலை வெளுத்தது. அது ஏற்கெனவே வெளுத்துத்தான் இருந்தது என்றாள் ஜெசிந்தா.

ஐந்தாம் மாதம் கடற்கரையில் ஒரு வீட்டில் வேலை. கடலைப் பார்த்து வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. உப்புக் காற்று ஏசியைக் கெடுக்கிறது என்று வீட்டுக்காரர் கடல் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அடைத்த இடத்தில் கடலைப் போல ஒரு பூச்சு வேண்டும் என்று கேட்டார்.

"அலை தெரியணும். ஆனா சத்தமில்லாம," என்றார் அவர்.

ஜெசிந்தா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். படியிறங்கியதும், "கடலைக் கட்டிப்போட்டு வளக்கப் போறாராம்," என்றாள்.

அன்று நீலம் கலக்கும் வேலையை முதன்முதலாக அபயாம்பாளிடம் கொடுத்தாள். அபயாம்பாள் ஆய்வுக்கூடத்தில் அளப்பதைப் போல அளந்து கலக்கினாள். ஈரச் சுவரில் ஏறியபோது அது ஆழ்கடலின் நீலமாக இருந்தது. அறைக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதைப் போல ஒரு நிசப்தம். அவள் ஏணியிலேயே நின்று, நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைக்கு இவ்வளவு ஆழம் உண்டா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் கடல்மேல் பனி இறங்கியிருந்தது. வீட்டைத் திறந்து உள்ளே போனால், சுவரும் பனிக்குள் போயிருந்தது. நேற்றைய நீலம் எங்கும் இல்லை. வெளிறிய, பாலில் ஒரு சொட்டு மை விழுந்ததைப் போன்ற ஏதோ ஒன்று அங்கே இருந்தது.

"மேஸ்திரி! நிறம் போயிருச்சு."

ஜெசிந்தா சுவர் அருகே போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"போகலக்கா. இப்பதான் வந்திருக்கு."

"நேத்து இருந்தது?"

"அது ஈரம்."

சுண்ணாம்புப் பூச்சில் புதிதாகக் கை வைக்கும் எல்லோரும் செய்யும் தவறு அது. ஈரத்தின் நிறத்தைச் சுவரின் நிறம் என்று நம்புவது. அபயாம்பாள் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டதைக் கற்றுக்கொண்டதாக எண்ணுவது அவள் தொழிலின் நோய்.

"அப்ப சுவரு முடிஞ்சதுன்னு காஞ்சப்புறம்தான் தெரியுமா? முதல் நாள் கேட்டேனே, அதுக்கு இதுதான் பதிலா?"

"இல்ல," என்றாள் ஜெசிந்தா. "இது உங்க கலவைக்குப் பதில். தண்ணிய ஊத்திக் கரைச்சு வச்சிருக்கீங்க."

எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அபயாம்பாளின் கைபேசிக்கு நான்கு வரிகள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பதினொன்றே முக்கால் வண்டி. ஒரு மணி நேரம் இருப்பேன். அப்பா இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

கீழே பெயர்கூட இல்லை. அம்மா என்ற சொல்லும் இல்லை.

புதன்கிழமை காலையில் ஜெசிந்தா தன் சாமான்களோடு அபயாம்பாளின் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் அபயாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். தெருவைக் கேட்டது, படியை மிதிக்காதே என்றது, மறுநாள் அனுப்பிய தகவல். தேர்வு முடிவை வாசிப்பதைப் போல, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

பிறகு மூலைக்கு அழைத்துப் போய்க் கறையைக் காட்டினாள்.

"இது அவரோட தலைக்கறை. அவ போனதுலேருந்து இங்கயேதான் சாஞ்சு உட்காந்திருப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீலா வந்து இதைப் பார்த்தா, அப்பா காத்துக்கிட்டே செத்தாருன்னு தெரிஞ்சிரும். நான்தான் தடுத்தேன்னும் தெரிஞ்சிரும்."

"அதான் ஏற்கெனவே தெரியுமேக்கா."

"தெரியறது வேற. பாக்கறது வேற."

ஜெசிந்தா கறைக்கு முன் குந்தி உட்கார்ந்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். பெயர்ந்த துணுக்கு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பூச்சு வேணும்?"

"முத்துப் பூச்சு."

சுண்ணாம்பில் பளிங்குத் தூளும் மினுங்கும் அப்பிரகத் தூளும் சேர்த்து, மெல்லிசாகப் பூசி, இரும்புப் பூச்சுக் கரண்டியால் அழுத்தி அழுத்தி மெருகேற்றுவது. நன்றாக வந்தால் சுவர் சிப்பியின் உட்புறத்தைப் போலாகும். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒன்று.

"உங்க வீட்டுச் சுவரு. உங்க கையாலேயே பூசுங்க. நான் பக்கத்துச் சுவரைப் பாக்குறேன்," என்றாள் ஜெசிந்தா.

அபயாம்பாள் சுவரைக் கழுவினாள். மூலையிலிருந்து மூலை வரை, எட்டு மாதப் பயிற்சியோடு கழுவினாள். கறை இருந்த இடத்தை மட்டும் துணி சுற்றிக்கொண்டு போனது.

"அங்க கழுவலையா?"

"தேவையில்ல. சுண்ணாம்பு காரம். எண்ணெய் கொழுப்பு. ரெண்டும் சேர்ந்தா சோப்பு. கறை தானா கரைஞ்சிரும்."

"அப்படியா?"

"வேதியியல்."

"சரி," என்றாள் ஜெசிந்தா. "நான் எட்டாவதுல நின்னுட்டேன்."

முதற்பூச்சு ஏறியது. மாலையில் சுவர் ஈரத்தில் ஒரே சீராக மினுங்கியது. கறை இல்லை. அபயாம்பாள் அன்று நிம்மதியாக உறங்கினாள். உறக்கத்தில் ஒரு சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நீலத்தின் கீழே மஞ்சள். மஞ்சளின் கீழே ரோஜா. ரோஜாவின் கீழே, நீலா குழந்தையாக இருந்தபோது அடித்த இளம்பச்சை. அதற்கும் கீழே சுவர் இல்லை, திறந்த வெளி. வெளியில் பனி. பனிக்குள் யாரோ தன் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழன் காலையில் கறை திரும்பியிருந்தது.

இரண்டாம் பூச்சை அழுத்திப் பூசினாள். வெள்ளி காலையில் கறை மேகத்துக்குப் பின்னாலிருந்து நிலா வருவதைப் போல வந்தது. அவசரமே இல்லாமல், இதைவிட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்பதைப் போல.

மூன்றாம் பூச்சை ஜெசிந்தாவே மெச்சினாள். "கை வந்திருச்சுக்கா," என்றாள். அவள் அப்படிச் சொன்னது எட்டு மாதங்களில் முதல் முறை. சனிக்கிழமை விடிந்தபோது மூலைச் சுவர் முழுவதும் முத்தாக இருந்தது. அந்த முத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்தில், தேன் நிறத்தில் கறை. முன்னைவிட அழகாக வேறு இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"மேஸ்திரி, உங்ககிட்ட அரக்குப் பூச்சு இருக்குல்ல? கடற்கரை வீட்டுல ஓதம் மேல வராம இருக்கப் பூசினீங்களே."

"இருக்கு."

"அதை முதல்லயே குடுத்திருக்கலாமே?"

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே."

"ஏன் குடுக்கல?"

"நீங்க சோப்புப் போட்டுக்கிட்டிருந்தீங்க. எதுக்கு நடுவுல வரணும்னு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா ஒரு சிறிய தகர டப்பாவோடு வந்தாள்.

"பூசைக்குப் போகாம வந்திருக்கேன். சாமி கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. என் பேரு அங்க ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கு."

ஜெசிந்தா சிரித்தாள். டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தாள். பழைய வெல்லப்பாகின் நிறத்தில் அரக்கு அசைந்தது. தூரிகையை அபயாம்பாளின் கையில் கொடுத்தாள்.

"ஒரு பூச்சு போதும். அரை மணியில காஞ்சிரும். மேல முத்துப் பூச்சு ஒரு தரம் தேச்சா பத்து மணிக்கெல்லாம் சுவரு தயார். அப்புறம் வீடு இடியற வரைக்கும் கறை மேல வராது."

அபயாம்பாள் தூரிகையை டப்பாவுக்குள் விட்டாள்.

"ஒரு நிமிஷம்கா. இது அடைக்கிற பூச்சு. எதை அடைக்கிறோம்னு தெரியாம நான் இதைப் பூசறதில்ல. இது யாரோட கறை?"

"அதான் சொன்னேனே. அவரோடது."

சுவர் வேலைக்காகத் தியாகேசனின் படத்தைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் வைத்திருந்தார்கள். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றி உச்சி வரைக்கும் போய், அங்கேயும் நிற்காமல் பின்னால் இறங்கியிருந்தது.

"ஐயா தலைக்கு எண்ணெய் வைப்பாரா?"

"வைக்கறதுக்கு அங்க என்ன இருந்துச்சு?" என்று அபயாம்பாள் சட்டென்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"தோல்லயும் எண்ணெய் சுரக்கும்," என்றாள் பிறகு. "அது இயற்கை."

"சரி. இந்த நாற்காலி யாரோடது?"

"அவரோடது."

"இதுல உட்காருவாரா, தரையில உட்காருவாரா?"

அபயாம்பாளின் பார்வை நாற்காலியின் தேய்ந்த கைப்பிடிக்குப் போனது.

ஜெசிந்தா சட்டைப் பையிலிருந்து புதன்கிழமை எடுத்த துணுக்கை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ரெண்டாவது பெயின்டர் எப்ப வந்தாரு?"

"போன வருஷம். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி."

"ஐயா போயி?"

"ரெண்டு வருஷம்."

"நீங்க படிச்சவங்க. பாருங்க. இது அந்தப் பெயின்டர் அடிச்சது. அடிப்பக்கம் சுத்தமா இருக்கா? அவரு ஒழுங்காத்தான் கழுவிட்டுப் பூசியிருக்காரு. பழைய கறை அந்தக் கழுவல்லயே போயிருச்சு. இந்த எண்ணெய் எங்க இருக்கு?"

அபயாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். முப்பத்தோராண்டு மாணவர்களின் சோதனைகளைத் திருத்திய கண்கள். ஒரு துணுக்கு எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும்.

"மேல," என்றாள்.

"செத்தவங்க எந்திரிச்சு வந்து சாயறதில்லக்கா. எங்க சாமி ஒருத்தரு எந்திரிச்சாரு. அவரும் சுவத்துல சாஞ்சதாக் கேள்விப்படல."

வாசலில் பனி விலகிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க."

"எங்க?"

"உங்க இடத்துல."

அபயாம்பாள் சுவரைப் பார்த்தாள். தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினாள். கால்களை நீட்டினாள். முதுகைச் சுவரோடு சேர்த்தாள். தலை தானாகப் பின்னால் போனது.

ஆட்டுரலின் குழியில் குழவி உட்காருவதைப் போல, கறைக்குள் அவள் தலை உட்கார்ந்தது.

மூன்று பூச்சின் குளிர்ச்சி பின்னந்தலையில் ஏறியது. அவள் கண்களை மூடினாள். அந்தக் குளிர்ச்சியை அவளுடைய தலை அறிந்திருந்தது.

"இங்க உட்காந்துதான் விடைத்தாள் திருத்துவேன்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "சாயங்காலத்துல. காலேஜ் விட்டு வந்து. இங்க வெளிச்சம் நல்லா இருக்கும்."

"இந்த மூலையிலயா?"

"ஆமா."

"நாலு நாளா பகல் மூணு மணிக்கே பல்பைப் போட்டுக்கிட்டு வேலை பாக்குறேன். பக்கத்து மாடி மறைக்குது. இந்த வீட்டுலயே இருட்டு மூலை இதுதான்."

அபயாம்பாள் மூடிய கண்களை இன்னும் இறுக்கினாள்.

"போன வருஷம் ரிட்டையர் ஆயிட்டீங்க. அப்புறம் எந்தத் தாளைத் திருத்துனீங்க?"

படித்தவர்கள் தாங்கள் செய்வதை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். ஊரிடமிருந்து மறைப்பதற்கு முன், தங்களிடமிருந்து மறைத்துவிடுவார்கள். பிறகு அது பொய்யாக இருப்பதில்லை, பழக்கமாகிவிடுகிறது.

"கண்ணைத் தொறந்து பாருங்கக்கா. அங்கேருந்து என்ன தெரியுது?"

அபயாம்பாள் கண்ணைத் திறந்தாள்.

எதிரே வாசற்கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் படி. படிக்கு அப்பால் தெரு, ஒரு வேட்டிக்கரை அகலத்துக்குத்தான் தெரிந்தது. அந்தக் கரையின் முடிவில், மருந்துக்கடையை ஒட்டி, தெரு திரும்பியது. ரயிலடியிலிருந்து வருகிற எவரும் அந்தத் திருப்பத்தில்தான் முதலில் தெரிவார்கள். இப்போது அங்கே பனி மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கூடத்தில் அங்கும் இங்கும் நடந்து பார்த்தாள். நாற்காலி அருகில் நின்றாள். ஊஞ்சல் கொக்கிக்குக் கீழே நின்றாள். அடுக்களை வாசலில் நின்றாள். எங்கிருந்து பார்த்தாலும் கூடத்துத் தூண் தெருமுனையை மறைத்தது.

"உங்க மூலைக்கு மட்டும்தான் தெரியுது," என்றாள்.

அபயாம்பாள் தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். இம்முறை குரல் தேர்வு முடிவு வாசிப்பதைப் போல இல்லை.

"இதை அவ பார்த்தா, நான் தோத்துட்டேன்னு நினைப்பா."

"தோத்துத்தானேக்கா இருக்கீங்க."

"இவ்வளவு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கடிச்சது உங்க பல்லு."

"அவரோட கறைன்னு நினைச்சுக்கிட்டே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அதுக்கென்ன? டப்பா தொறந்துதான் இருக்கு. மணி எட்டுகூட ஆகல," என்றாள் ஜெசிந்தா. "நான் பின்னால போயி கரண்டியெல்லாம் கழுவிட்டு வர்றேன். காஞ்சா பொறுக்குத் தட்டிரும்."

அவள் கொல்லைக்குப் போனாள். கரண்டிகளைக் கழுவினாள். ஒரு முறை கழுவினால் போதும். மூன்று முறை கழுவினாள். கிணற்றடியில் உட்கார்ந்து நகத்துக்குள் இருந்த சுண்ணாம்பை ஈர்க்குச்சியால் எடுத்தாள். தேவாலயத்தில் இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது. வெயில் கிணற்றுச் சுவரின் பாதிவரை இறங்கியதும் உள்ளே வந்தாள்.

அரக்கு டப்பா மூடியிருந்தது. மூடியைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி இறுக்கிய தடம். பக்கத்தில் கிடந்த தூரிகையின் முனை மட்டும் நனைந்து, அப்படியே காய்ந்திருந்தது.

அபயாம்பாள் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில், தலையைச் சாய்த்து, திறந்த வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பனி முழுவதும் போய்விட்டிருந்தது. வாசல் வழியாக வந்த வெயில் கூடத்தைக் கடந்து, மூலையை எட்டாமல், அவள் பாதத்தருகே நின்றது. அங்கிருந்து எழும்பிய வெளிச்சத்தில் சுவர் முழுவதும் சிப்பியின் உட்புறமாக ஒளிர்ந்தது. அவள் தலை இருந்த இடத்தில் மட்டும் ஒளி இல்லை.

ஜெசிந்தா கரண்டிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். டப்பாவை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மேஸ்திரி."

திரும்பினாள்.

"முதல் நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீங்க."

"எட்டு மாசமாச்சு. பதிலே சொல்லல."

"ஆமா."

"இதையாவது சொல்லிட்டுப் போங்க. இந்தச் சுவரு முடிஞ்சதா?"

ஜெசிந்தா சுவரைப் பார்க்கவில்லை. அபயாம்பாளின் கண்கள் போன வழியே தெருவை, தெருவின் முடிவில் இருந்த திருப்பத்தைப் பார்த்தாள். பிறகு படியில் கிடந்த தன் வாளியை, வருகிறவர் காலில் இடறாதபடி எடுத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. பதினொன்னே முக்காலுக்கு வண்டி. முடிக்கிறவ அதுல வர்றா."